‘கோவெண்டர்’ எந்த ஊர்ப் பெயர்? – வாசகர் கேள்வி பதில்

கடல் கடந்த முன்னோரைத் தேடுவது பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களைப் பற்றியவை. எனவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசகர்களின் பெயர்களை வெளியிடவில்லை. ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குடும்பப்பெயர் ‘கோவெண்டர்’. தமிழ்நாட்டில் இப்படி ஒரு பெயரை யாருமே வைத்துக்கொள்வதில்லை என்று அங்கே சுற்றுலா சென்று வந்த என் பேரன் சொல்கிறான். நாம் உண்மையில் தமிழர்தானா என்றுகூடக் கேட்டுவிட்டான். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? (வாசகி, டர்பன்)

பதில்: உங்கள் பேரனிடம் தயங்காமல் சொல்லுங்கள் அம்மா, ‘கோவெண்டர்’ என்பது ‘கவுண்டர்’ என்ற தமிழ்ப் பட்டப்பெயர்தான். கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்களைப் பதிவு செய்த, தமிழ் தெரியாத ஓர் எழுத்தர், தன் காதில் விழுந்த ஒலியை ஆங்கில எழுத்துகளில் எழுதினார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டுமே படித்த அடுத்த தலைமுறை, அந்த எழுத்துகளைப் பார்த்து எப்படிப் படிக்கத் தோன்றியதோ அப்படிப் படித்தது. வாயிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து மறுபடி வாய்க்குமாக இரண்டு முறை இடம் மாறியதில் ‘கவுண்டர்’ என்பது ‘கோவெண்டர்’ ஆயிற்று. அதே சொல்லின் ஒருமை வடிவமான ‘கவுண்டன்’ என்பதும் சற்று உருமாறி உங்கள் ஊரில் தனிக் குடும்பப்பெயராக நிலைத்திருப்பதை நீங்களே அறிவீர்கள். ‘மூட்லி’ என்பது முதலி. ‘ஆர்ச்சரி’ என்பது ஆசாரி. ‘மூன்சாமி’ என்பது முனுசாமி அல்லது முனிசாமி.

உங்கள் பேரன் இங்கே வந்து தேடியும் கிடைக்காமல் போனதற்கு எழுத்து வேறுபாட்டைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் என்ற வழக்கமே தமிழரிடம் பெரும்பாலும் இருந்ததில்லை. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடுகிறது. நேட்டால் அரசின் படிவத்திலோ குடும்பப்பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது, அதில் எதையாவது எழுதியே ஆகவேண்டியிருந்தது. சிலர் பட்டப்பெயரை எழுதினார்கள். சிலர் தந்தையின் பெயரை எழுதினார்கள். வேறு சிலருக்கு அவர்களுடைய சொந்தப் பெயரே பிள்ளைகளின் குடும்பப்பெயராகிவிட்டது. பெருமாள் என்று ஒருவர் வந்தார். அவருடைய கொள்ளுப்பேரர்கள் எல்லோரும் இன்று பெருமாள்கள். உடன்பிறந்த இருவரில் அண்ணன் வழி ஒரு பெயரிலும் தம்பி வழி வேறொரு பெயரிலும் பிரிந்துபோன குடும்பங்களும் உண்டு. ஆகவே ஒரே குடும்பப்பெயர் இருப்பதால் மட்டும் இரு குடும்பங்கள் உறவினர் ஆகிவிடா; பெயர் வேறாக இருப்பதால் உறவு இல்லை என்றும் ஆகாது.

பட்டத்தை வைத்துச் சாதியையோ ஊரையோ முடிவு செய்யப் பலர் விரும்புகிறார்கள். அங்கேயும் நிதானம் வேண்டும். கவுண்டர் என்ற பட்டம் கொங்கு நாட்டில் வேளாளரைக் குறிக்கும். சேலம், வட ஆர்க்காடு பகுதிகளில் வன்னியரும் அதே பட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். இன்னும் சில சமூகங்களுக்கும் அது உண்டு. நாயக்கர் என்றால் தெலுங்கு பேசும் குடும்பமாக இருக்கலாம், தமிழ்க் குடும்பமாகவும் இருக்கலாம். வந்தவர்களின் பெயர், ஊர் முதலியவற்றை எழுதிவைத்த கப்பல் பட்டியலில் பட்டம் எதுவும் இல்லாத ஒருவரின் பிள்ளைகள், புதிய நாட்டில் தங்களுக்குப் பிடித்த ஒரு பட்டத்தைக் குடும்பப்பெயராக ஏற்றுக்கொண்டிருப்பதும் உண்டு. அதை ஒரு மோசடி போலப் பேசுவோரை நான் ஏற்பதில்லை. பிறந்த மண்ணில் தலைநிமிர விடாத ஓர் ஏற்பாட்டிலிருந்து விலகி வந்தவர்கள், தங்களை எந்தப் பெயரால் அழைக்கவேண்டும் என்று தாங்களே தீர்மானித்தார்கள். ஆராய்பவர் அதைக் குறித்துக்கொண்டு, மரியாதையோடு மேலே செல்லவேண்டும்.

இன்னொன்று. பழைய பட்டியல்களின் சாதிக் கட்டத்தில் ‘மலபார்’ என்றும் ‘ஜென்டூ’ என்றும் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜென்டூ என்றும் அழைத்து வந்தார்கள். அந்தச் சொற்களே பட்டியலில் ஏறிவிட்டன. ‘மலபார்’ என்பதைப் பார்த்துவிட்டுக் கேரளத்துக்குப் பயணச்சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் முன்னோர் ‘ட்ரூரோ’ கப்பலில் வந்தவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் எந்தத் தாளும் கைவசம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: ‘ட்ரூரோ’ நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டுவந்த முதல் கப்பல். சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். அதன்பின் 1866இல் நின்றுபோன ஆள்சேர்ப்பு 1874இல் மறுபடி தொடங்கி 1911 வரை நடந்தது. மொத்தம் 1,52,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்; அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். முதல் கப்பலின் பெயர் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால், எப்போது வந்தோம் என்பதை மறந்துவிட்ட குடும்பங்களும் அந்தப் பெயரையே சொல்லிக்கொள்கின்றன. உங்கள் குடும்பச் செய்தி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதிலிருந்து தொடங்கவேண்டாம்.

உங்களிடமிருந்தே தொடங்குங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பெற்றோரின் திருமணச் சான்றிதழ், தாத்தாவின் இறப்புப் பதிவு என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். ஒரு படியைத் தாளால் உறுதி செய்யாமல் அடுத்த படியில் கால் வைக்கக்கூடாது. கிடைத்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிக் குதிப்பவர்கள், அடுத்த வீட்டுக்காரருடைய தாத்தாவைத் தங்கள் தாத்தாவாக எழுதிவைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே தோட்டத்தில் ஒரே காலத்தில் நான்கு முனுசாமிகள் இருந்திருப்பார்கள் என்பதை மறக்கக்கூடாது.

உங்கள் நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால், அவருடைய பெற்றோர் பெயர், பிறந்த இடம், துணைவர் பெயர், பிள்ளைகளின் பெயர்கள் ஆகியவற்றை எழுதி ‘மரண அறிவிப்பு’ என்ற படிவமாகச் சொத்து விவகார அதிகாரியிடம் கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்த பழைய சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன; தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை இணையத்திலேயே தேடலாம். சிறிய நிலம் ஒன்றை வைத்திருந்தவருக்குக்கூடக் கோப்பு இருக்கக்கூடும்.

இந்தத் தேடலில் பெயரைவிட மேலான சாவி ஒன்று உண்டு. அது குடியேற்ற எண். கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் கொடுக்கும் விடுதலைச் சான்றிலும், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகத்தில் நடந்த திருமணப் பதிவிலும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் அந்த எண் பின்தொடர்ந்தது. மனிதரை எண்ணாக்கிய கொடுமைதான் அது, சந்தேகமே இல்லை. ஆனாலும் இன்று, பெயர் நான்கு விதமாகச் சிதைந்துபோன இடத்திலும் அவரை அடையாளம் காட்டுவது அந்த எண் ஒன்றே. வீட்டில் பாட்டியின் தகரப் பெட்டி இருந்தால் அதன் அடியில் மடித்து வைத்த காகிதங்களைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் தங்கியவர்கள் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்று 1895இல் ஒரு சட்டம் வந்தது. 1914இல்தான் அது நீங்கியது. அந்த வரி கட்டிய சீட்டு ஒன்று அகப்பட்டால்கூட எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி திறந்துவிடும்.

பெரியவர்களிடம் பேசும்போது ‘நாம் எந்த ஊர்?’ என்று மட்டும் கேட்டால் ‘மெட்ராஸ்’ என்ற ஒரே பதில்தான் வரும். கப்பலேறிய இடத்தைச் சொல்கிறார்கள். பிறந்த இடத்தை அல்ல. அதற்குப் பதிலாக, தாத்தா எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார், மவுண்ட் எட்ஜ்கோமா, டோங்காட்டா, இசிபிங்கோவா, அல்லது டண்டி பக்கத்து நிலக்கரிச் சுரங்கமா, இரயில்வேயா என்று கேளுங்கள். யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதும் பதிவேட்டில் உண்டு. ஒரே பெயருள்ள நால்வரில் உங்களவரைப் பிரித்தறிய அது உதவும். கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் விசாரியுங்கள். பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். ‘உ’ ஒலிக்கு அக்கால எழுத்தர்கள் ஆங்கில ‘ஓ’வை இரட்டித்து எழுதினார்கள். சகரம் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். ‘ன்’ என்ற இறுதி மெய் விழுந்துபோயிருக்கும். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

பட்டியலில் எங்குமே இல்லை என்றால் இன்னொரு வாய்ப்பையும் எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் இல்லாமல் சொந்தச் செலவில் வந்தவர்களும் உண்டு; மொரீஷியசில் பிறந்து அங்கிருந்து வந்த தமிழர்களும் உண்டு. காந்தியடிகளோடு சத்தியாக்கிரகத்தில் முன்னின்ற தம்பி நாயுடு மொரீஷியசில் பிறந்தவர். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் மொரீஷியசின் மோக்கா நகரில் மகாத்மா காந்தி நிறுவனத்திலுள்ள இந்தியக் குடியேற்ற ஆவணங்களில்தான் தேடவேண்டும். அங்கே பலருடைய புகைப்படங்களும் உண்டு.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் பதிவு கிடைத்துவிட்டது. 1889இல் வந்திருக்கிறார். வயது 22, உயரம் ஐந்து அடி மூன்று அங்குலம், இடது முழங்காலில் தழும்பு. ஜில்லா வட ஆர்க்காடு, ‘தாணா’ வாண்டிவாஷ், கிராமம் ‘பூதூர்’. அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வரப்போகிறோம். எந்த ஊருக்குப் போவது? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: நீங்கள் அனுப்பிய படியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது முழங்கால் தழும்பு என்ற அந்தச் சிறிய குறிப்பில் என் கண் வெகுநேரம் நின்றது. புகைப்படம் இல்லாத மனிதர் அவர். ஆனால் சிறுவயதில் எங்கோ விழுந்தெழுந்த காயத்தின் வடு, நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து அவருடைய கொள்ளுப்பேரன் கைக்கு வந்துசேர்ந்திருக்கிறது.

இப்போது ஊருக்கு வருவோம். ‘தாணா’ (காவல் நிலைய எல்லை) என்பது வங்காளத்துக்கு ஏற்ற சொல். அந்தக் கட்டத்தில் சென்னை மாகாணத்தவருக்குத் தாலுகாவின் பெயரை நிரப்பியிருக்கிறார்கள். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி. 1889இல் அது வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லா 1989இல் பிரிக்கப்பட்டபோது வந்தவாசி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போயிற்று. இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், வட ஆர்க்காடு என்று பார்த்ததும் வேலூருக்குப் போய் நிற்பவர்கள் பலர். அந்தப் பழைய ஜில்லாவின் தலைமையிடமே சித்தூராக இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. ஆகவே தாலுகாவின் பெயர் தெரியாமல் வட ஆர்க்காடு என்று மட்டும் இருந்தால், இரு மாநிலங்களில் தேடவேண்டிவரும். தென் ஆர்க்காடும் அப்படியே. 1993இல் அது கடலூர், விழுப்புரம் என இரண்டாகி, பின்னர் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்துவிட்டது. தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தில்லையாடி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1914இல் சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையை நாம் தில்லையாடி வள்ளியம்மை என்றே அழைக்கிறோம். அவர் அந்த ஊரில் பிறக்கவுமில்லை. ஆனால் பெற்றோரின் ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நேட்டாலுக்குப் போன பல்லாயிரம் பேருக்கு அப்படி ஊர்ப்பெயர் ஒட்டாமல் போனதுதான் இன்று இத்தனை கடிதங்களுக்குக் காரணம்.

‘பூதூர்’ என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். பூதூராகவே இருக்கலாம், புதூராகவும் இருக்கலாம். முன்பே சொன்னேனே, ‘உ’வுக்கு இரட்டை ‘ஓ’ போடுவது அவர்கள் வழக்கம் என்று. அதனால் புதூருக்கே வாய்ப்பு அதிகம். புதூர் என்றால் புதிய ஊர். தாலுகாவுக்குத் தாலுகா அந்தப் பெயரில் ஊர்கள் இருக்கும், சில தனிக் கிராமங்களாக, சில பெரிய கிராமத்தைச் சேர்ந்த குக்கிராமங்களாக. ஆகவே வருவதற்கு முன்னால் வந்தவாசி வட்டத்திலும் அதை ஒட்டிய வட்டங்களிலும் உள்ள வருவாய்க் கிராமங்களின் பட்டியலை எடுத்து, இந்த ஒலிக்கு அருகில் வரும் எல்லா ஊர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். குக்கிராமங்களின் பெயர்களையும் விடாதீர்கள்.

பட்டியலைக் குறுக்க உங்கள் வீட்டுப் பூசையறை உதவும். ஆடி மாதம் உங்கள் குடும்பம் யாருக்குக் கூழ் ஊற்றுகிறது? மாரியம்மன் என்றால் எல்லா ஊரிலும் உண்டு. அது துணை செய்யாது. ஆனால் பச்சையம்மன், மன்னார்சாமி, அங்காளம்மன், திரௌபதியம்மன் என்று ஏதாவது ஒரு பெயரைக் குலதெய்வமாகப் பாட்டிமார் சொல்லியிருந்தால், அதை எழுதி எடுத்து வாருங்கள். இங்கே ஊரைவிட்டுப் போன குடும்பங்களும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பி வருவார்கள். அந்தக் கோவிலின் பங்காளிகள் யார் யார் என்பது ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத வம்சாவளி பல இடங்களில் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. அவர் பிறந்த காலத்தில் கிராமங்களில் அப்படியொரு முறையான பதிவு இல்லை. கிறித்தவக் குடும்பமாக இருந்திருந்தால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடச் சொல்வேன். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் ஆள்வாரியாகப் பெயர்ப் பட்டியல் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு போகவேண்டாம். அங்கே கிடைப்பவை அரசின் குடியேற்ற நடவடிக்கைக் குறிப்புகள், ஜில்லாக் கையேடுகள், நிலத்தீர்வைப் பதிவேடுகள் போன்றவை. அவர் ஏன் போனார் என்பதைப் புரிந்துகொள்ள அவை உதவும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சத்தின்போது அவர் பத்து வயதைச் சுற்றியிருந்த சிறுவர். அந்தப் பஞ்சத்தைத் தாண்டி உயிரோடு வளர்ந்த பிள்ளைதான் இருபத்திரண்டு வயதில் கப்பலேறியிருக்கிறது.

கடைசியாக, ஊருக்குள் நுழையும்போது கவனிக்கவேண்டியது ஒன்று. வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்திறங்கித் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரித்தால், நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற அச்சம்தான் முதலில் எழும். அந்த அச்சம் நியாயமானதே. முதல் வார்த்தையாக, ‘சொத்து எதுவும் கேட்டு வரவில்லை, சாமி கும்பிட்டுவிட்டுப் போக வந்தோம்’ என்று சொல்லிவிடுங்கள். தமிழ் பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது பழகிக்கொண்டு வாருங்கள். கூட்டமாகப் போகாமல் முதல்முறை இருவர் மட்டும் போவது நல்லது.

கேள்வி: என் பூட்டி ஒரு பெண் குழந்தையோடு தனியாக வந்தவர். கணவர் பெயர் எங்குமே இல்லை. வீட்டில் இதைப் பற்றிப் பேசவே விடமாட்டார்கள். அவருடைய வழியைக் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகி, ஜொகன்னஸ்பர்க்)

பதில்: முடியும். உண்மையில், தமிழ்நாட்டிலேயே இருந்துவிட்ட ஒரு பெண்ணின் வழியைத் தேடுவதைவிட உங்கள் பூட்டியின் வழியைத் தேடுவது எளிது. அக்காலத்து இங்குள்ள பத்திரங்களில் ஒரு பெண் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் வருவார். கப்பல் பட்டியலிலோ அவருக்கென்று தனி எண், தனி வரி; அதில் அவருடைய தந்தையின் பெயர், அவருடைய கிராமம், அவருடைய வயது. உடன் வந்த குழந்தைக்கும் ஓர் எண் உண்டு. பெரும்பாலும் அது தாயின் எண்ணுக்கு அடுத்ததாக இருக்கும்.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது அனுப்பப்படவேண்டும் என்ற விதி இருந்ததால், பெண்களைச் சேர்ப்பதில் முகவர்கள் மிகுந்த முனைப்புக் காட்டினார்கள். வந்தவர்களில் கைம்பெண்கள் உண்டு, கணவனால் கைவிடப்பட்டவர்கள் உண்டு, வீட்டைவிட்டு வெளியேறத் துணிந்தவர்கள் உண்டு. ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர்களும் உண்டு. தனியாக வந்தார் என்பதை மட்டும் வைத்து அவர் இவற்றுள் யார் என்று யாராலும் சொல்லமுடியாது. ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடல் கடந்து, ஆணுக்குக் கொடுத்ததில் பாதிக் கூலிக்குத் தோட்டத்தில் உழைத்து, அந்தக் குழந்தையை ஆளாக்கியவர் அவர். வீட்டார் வெட்கப்பட அதில் எதுவுமில்லை. நீங்கள் எழுதும் குடும்ப வரலாற்றில் முதல் பெயராக அவருடைய பெயரே இருக்கட்டும்.

திருமணச் சான்றிதழ்களைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. தமிழ்முறைத் திருமணங்கள் சட்டத்தின் கண்ணில் நெடுங்காலம் முழு மதிப்புப் பெறவில்லை. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1914இல் வந்த சட்டத்துக்குப் பிறகே முன்பு நடந்த திருமணங்களைப் பதிவு செய்துகொள்ள வழி பிறந்தது. ஆகவே 1914க்குப் பிந்திய தேதியோடு ஒரு சான்றிதழ் கிடைத்து, மூத்த பிள்ளை அதற்குப் பத்தாண்டு முன்பே பிறந்திருந்தால், தவறாக எதையும் எண்ணிவிடாதீர்கள். அது பதிவின் தேதி; தாலி கட்டிய தேதி அல்ல.

கேள்வி: என் தாத்தாவின் சித்தப்பா ‘நெட்டாலுக்கு’ப் போனவர், திரும்பவே இல்லை என்று சொல்வார்கள். இங்கிருந்துகொண்டு அவருடைய பிள்ளைகளைத் தேடமுடியுமா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: கையில் இருப்பதை வரிசைப்படுத்துங்கள்: அவருடைய பெயர், அவருடைய தந்தையின் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு போனார் என்பது. தந்தை பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்தினால் ஒழிய, பெயர் மட்டும் பொருந்தும் வரியை உங்களவர் என்று கொள்ளாதீர்கள். ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்களைப் பற்றியும் குறிப்புகள் உள்ளன. திரும்பி வந்தும் வீடு வந்து சேராமல் சென்னையிலேயே தங்கிவிட்டவர்கள் பலர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் படியுங்கள். அயலூரில் இருக்கும் சகோதரனின் பங்கைப் பற்றி அதில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கலாம். சென்னையிலிருந்து மொரீஷியசுக்கும், 1903 முதல் ஃபிஜிக்கும்கூட ஆட்கள் போனார்கள். எல்லாமே ஊரார் பேச்சில் ‘கப்பலேறிப் போனான்’ என்ற ஒன்றாகிவிட்டது. நேட்டாலில் இல்லை என்றால் அந்த நாடுகளின் பதிவுகளையும் பாருங்கள். ஃபிஜியில் ஒவ்வொருவருக்கும் கிராமத்தின் பெயரோடு தனித்தனிக் குடியேற்றச் சீட்டு உண்டு.

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஐந்து தலைமுறையாக வாழ்கிறோம். எங்களுக்கும் இப்படிக் கப்பல் பட்டியல் உண்டா? (வாசகர், ஹட்டன்)

பதில்: இலங்கைக்கு வந்தவர்கள், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் மூலம் வந்தார்கள், நேட்டாலைப் போல ஒவ்வொருவருக்கும் தந்தை பெயர், கிராமத்தோடு ஒரு வரி எழுதிவைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் தொங்கவிட்ட தகரச் சீட்டில் தோட்டத்தின் எண் இருந்தது. ஆளின் பெயர் இல்லை. ஆகவே உங்கள் தேடலைப் பிந்திய தாள்களிலிருந்து தொடங்குங்கள். 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் தாத்தா மனுச் செய்திருந்தால், அதில் குடும்ப விவரம் இருக்கும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய உறவினர் எவரேனும் உண்டா? அவர்களுடைய இந்தியக் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதோடு, உங்கள் கங்காணி குடும்பத்தின் ஊர் எது என்று விசாரியுங்கள். கங்காணிகள் தம் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலுமே பெரும்பாலும் ஆள் சேர்த்தார்கள்.

கேள்வி: ரீயூனியன் தீவில் ‘விராப்பின்’, ‘ராமசாமி’, ‘முத்துசாமி’ என்ற பெயருள்ளவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியிலோ முழுப் பிரெஞ்சுப் பெயர் வைத்த தமிழர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே கதைதானா? (வாசகர், காரைக்கால்)

பதில்: இரண்டும் வேறு. ரீயூனியனுக்கும், 1850கள் முதல் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கும் ஒப்பந்தத்தில் போனவர்களின் சொந்தப் பெயர், பிரெஞ்சு எழுத்தரின் கையில் குடும்பப்பெயராயிற்று. ‘வீரப்பன்’ அப்படித்தான் ‘விராப்பின்’ ஆனார். புதுச்சேரியில் நடந்ததோ தாமாக விரும்பிச் செய்த மாற்றம். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, இந்து அல்லது முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இயக்கத்தின் முன்னோடியான பொன்னுத்தம்பி பிள்ளை ‘லபோர்த்’ என்ற பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அதற்குக் ‘கதவு’ என்று பொருள். அப்படிப் பெயர் மாற்றிய குடும்பம் என்றால், துறப்புப் பத்திரத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே இருக்கும். தேடுபவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பழைய குடியேற்றங்களின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. காரைக்காலில் இருந்துகொண்டே நீங்கள் அவற்றைப் புரட்டலாம்.

கேள்வி: மரபணுச் சோதனை செய்தால் ஊர் தெரிந்துவிடுமா? (வாசகி, கேப் டவுன்)

பதில்: தெரியாது. தென்னிந்தியா என்ற அளவுக்கே அது சொல்லும், கிராமத்தைச் சொல்லாது. சோதனை செய்துகொண்ட வேறொருவர் உங்களுக்குத் தூரத்து உறவு என்று தெரியவந்து, அவரிடம் உங்களிடம் இல்லாத ஒரு விடுதலைச் சான்றோ எண்ணோ இருந்தால், அப்போது பயன் உண்டு. அதற்கு முன்னால், உங்கள் பாட்டியிடம் குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எண்பத்தொன்பது வயது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே கேளுங்கள்.